தொம்சனின் குடிலும் கனூ ஏரியும்: இரண்டு பயணங்களுக்கு உங்கள் கை வேண்டும்

அன்பான உறவுகளே,

ஓவியர் ரொம் தொம்சன் வாழ்ந்து வரைந்த இடங்களைக் காட்ட எங்கள் பிள்ளைகளை இரண்டு பயணம் கூட்டிப்போகப் போகிறோம். "ஏரியைத்தானே பார்க்கப் போகிறீர்கள், ஒரு பயணம் போதாதா?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் அண்ணர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்லிவிட்டே காசு கேட்கிறோம்.

ரொம் தொம்சன் என்றால் வடக்குக் காட்டின் ஓவியர் என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அவர் ரொறன்ரோவில் விளம்பரங்களுக்கு வரைந்து சம்பளம் வாங்கிய ஆள். ரொறன்ரோவுக்கு வடக்கே காடும் ஏரிகளுமாக இருக்கும் அல்கொன்குயின் பூங்காவை முதலில் பார்த்தபோது, 1912இல், வயது 34. அப்புறம் பனி உருகினால் வடக்கே, குளிர் தொடங்கினால் நகரத்துக்கு என்றே வாழ்க்கை ஓடியது. காட்டில் வயிற்றுப்பாட்டுக்கு வழிகாட்டி வேலை. 1916இல் காட்டுத்தீக் காவலும் பார்த்தார்.

அங்கே அவர் தீட்டியதெல்லாம் சிறு பலகைகளில், ஏறக்குறைய 21க்கு 26 சென்ரிமீற்றர். பெரிய ஓவியங்கள் பிறந்தது நகரத்தில். றோஸ்டேல் பள்ளத்தாக்கு ஓரம், ஓவியர்கள் வேலைசெய்த ஸ்ருடியோ கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பலகைக் குடில், மாத வாடகை 1 டொலர். காற்றில் வளையும் மரம் நிற்கும் 'மேற்குக் காற்று' 1916-17 குளிர்காலத்தில் அங்கே தீட்டப்பட்டது. அந்தக் குடில் இப்போது கிளைன்பேர்க்கில், மெக்மைக்கல் கலைக்கூட வளவில் நிற்கிறது. ஏரியை மட்டும் காட்டினால் பிள்ளைகள் பாதி மனிதரைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் முதற் பயணம் குடிலுக்கும் ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கும். இலை சிவக்கும் நாளில் இரண்டாவது, அல்கொன்குயின் பூங்காவிலுள்ள கனூ ஏரிக்கு. 1917 ஜூலை 8 அவர் காணாமற்போனது அங்கேதான். எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று வாதாட பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது!

கையில் கொடுக்கும் தமிழ்க் கைநூலில் ஒன்றை மறைக்கப் போவதில்லை. அது ஆளில்லாக் காடல்ல. அல்கொன்குயின் என்ற பழங்குடி மக்களின் நிலம். தொம்சன் போகுமுன்பே மரக்காரர்கள் பைன் மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

போன மாதம் ஒத்திகையாகத் தொம்சன் தீட்டிய அதே அளவுப் பலகைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். "இவ்வளவு சின்னனா?" என்று முகம் சுளித்த எட்டு வயதுப் பொடியன், அரை மணியில் பக்கத்து வீட்டு மேப்பிளை முடித்துவிட்டு அடுத்த பலகை கேட்டான். மேசைவிரிப்பிலும் கொஞ்சம் மேப்பிள் இருந்தது. சரி, போகட்டும்.

40 பிள்ளைகள், கூடவே வர விரும்பும் அம்மம்மா, தாத்தாமார். பஸ், நுழைவுச்சீட்டு, பலகை, வண்ணம், கைநூல் அச்சு எல்லாமாக 4,600 டொலர் வேண்டும். கையில் 2,150 இருக்கிறது. சென்ற ஆண்டு முற்பணம் கட்டாததால் பஸ்காரர் கடைசி வாரத்தில் கைவிரித்தார். இம்முறை இந்த மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டும்.

25 டொலர் ஒரு பிள்ளையின் பலகைக்கும் வண்ணத்துக்கும் போதும். பத்து டொலரும் பெரிசுதான். ஞாயிறு தமிழ் வகுப்பு வாசலில் பொருளாளரிடம் கொடுத்துக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். வரிவிலக்குச் சீட்டு தர எங்களுக்குப் பதிவில்லை, மன்னிக்கவும். பழைய தூரிகை, குளிர்ச்சட்டை இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஒக்ரோபரில் ஏரிக்காற்று எலும்பைக் குத்தும்.

ஏற்பாட்டுக் குழுவினர்