பன்னிரண்டு புலி கேட்டீர்கள், மரம் எங்கே?

மலேசியாவின் சிலாங்கூரில் காடும் நிலமும் சுற்றுலாவும் கையில் வைத்திருக்கும் மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரித்தீவையும் அங்குள்ள மா மெரி பழங்குடி மக்களையும் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூதாதையரை வணங்கும் ஹரி மொயாங் திருநாளில் முகமூடி ஆட்டத்துக்கு முன்வரிசை நாற்காலி எப்போதும் உங்களுக்குத்தானே. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு வயதான சிற்பிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தது உங்கள் அலுவலகங்களில் ஒன்று. எது என்று எழுதப் போவதில்லை. வெளியூர் விருந்தினர்களுக்குக் கொடுக்க, மரத்தில் செதுக்கும் சங்கிலிப் புலி பன்னிரண்டு வேண்டுமாம். எல்லாம் ஒரே அளவில், மூன்றே வாரத்தில். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: "மரத்துக்கு எங்கே போவது?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது: "ஏதாவது ஒரு மரத்தில் செய்து சாயம் பூசிவிடுங்கள் ஐயா, யாருக்குத் தெரியப் போகிறது?"

அவருக்குத் தெரியும். அவருடைய மொயாங்குக்கும், அதாவது மூதாதை ஆவிக்கும், தெரியும். 

அந்தப் புலிக்கு ஞிரே பத்து என்ற மரம்தான். அலையாத்திக் காட்டில் வளர்வது. கனமானது, செம்பழுப்பு நிறம், பருக்க வெகுகாலம் பிடிக்கும். வளையத்துக்குள் வளையமாகத் தொங்கும் அந்தச் சங்கிலியில் ஒட்டு கிடையாது. புலியும் சங்கிலியும் ஒரே கட்டை. ஆட்டத்துக்கான முகமூடிக்கு வேறு மரம், புலாய். நம்மவர் யட்சி குடியிருப்பதாகச் சொல்லும் ஏழிலைப்பாலைக்குச் சொந்தக்கார மரம். முன்பெல்லாம் யாராவது நோயில் விழுந்தால், எந்த ஆவியின் வேலை என்று பார்த்து, அதன் உருவத்தைச் செதுக்கி, நோயை அதில் இறக்கிக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். செதுக்கவும் காடு வேண்டும், விடவும் காடு வேண்டும்.

அழைப்பு வந்த இரண்டாம் நாள் நானும் அவரோடு படகில் போனேன். அவருடைய அப்பா காலத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே வெட்டிய மரம். நாங்கள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் புறப்பட்டு, வற்றத் தொடங்கும்வரை தேடினோம். மூன்றே மரம். ஒன்று என் தொடைப் பருமன்கூட இல்லை. அடுத்ததைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், உள்ளே பொந்து. மூன்றாவது நல்ல மரம். ஆனால் அடியில் சிவப்புச் சாயத்தில் எண் போட்டிருந்தது, நிலம் அளக்க வந்தவர்கள் போட்ட எண். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வெட்ட வரவில்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொன்னேன்."

கேட்பது இதுதான்: தீவில் மிச்சமிருக்கும் ஞிரே பத்துக் காட்டை மா மெரி மக்களுக்கென்று அரசிதழில் பதிவு செய்து ஒதுக்குங்கள். சட்டத்தில் இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள். ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டமே மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலத்தை இழந்த தெமுவான் பழங்குடி மக்களின் வழக்கில், அவர்களது வழக்காற்று நிலவுரிமையை 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவர்களும் உங்கள் சிலாங்கூர்க்காரர்கள்தான்.

இதைக் கேட்க நீ யார் என்பீர்கள். என் பாட்டி அந்தத் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். காட்டை அழித்து நட்ட ரப்பர் அது. அப்புறம் செம்பனை வந்தது. ஆக, இந்தக் கணக்கில் எங்களுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. பிறகு எங்களையும் தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வேப்பமரத்தடி முனியாண்டிக்கு 'இடமாற்றம்' என்று ஒரு படிவம் வந்தது. சிலையைத் தூக்கிக்கொண்டு போகலாம், மரத்தை எப்படித் தூக்குவது? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. உங்கள் படிவங்களில் சாமி ஒரு பொருள், மரம் ஓர் எண். துறைமுகம் வரப்போகிறது என்று பல வருடமாகப் பேசுகிறீர்கள். வந்தால் அதன் வரவேற்புக் கூடத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சங்கிலிப் புலி நிற்கும். அதையும் சாயம் பூசியே செய்துகொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது?

மன்னிக்கவும். மரியாதையாகவே முடிக்க நினைத்தேன், முடிக்கிறேன். அந்தக் காட்டை அவர்கள் பெயரில் அரசிதழில் பதிவு செய்யுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சிவப்பு எண் போட்ட மரங்களின்மேல் கோடரி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட பன்னிரண்டில் ஒன்றுகூடத் தயாராகவில்லை. எப்போதோ கொண்டுவந்த கட்டையில் தொடங்கிய புலி ஒன்று அவர் வீட்டு வாசலில் பாதியில் நிற்கிறது. சங்கிலியில் இன்னும் நான்கு வளையம் பாக்கி. அதை விற்பதற்கில்லை என்கிறார்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அவரையே கூப்பிட்டுச் சொல்லுங்கள். எண்தான் உங்களிடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
கேரித்தீவுத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்