அது வந்துவிட்டுப் போகட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கத் தொடங்கிவிட்டேன். மற்றதை நேரில் பேசலாம். கடைசிப் பக்கத்தில் ஏதோ சின்ன விஷயம் மாதிரி நாலு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போனது, இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றியது. ஈசிஜி சரியாக இருந்தது. அப்புறம் லிஃப்டில் இன்னொரு தடவை. படிக்கும்போதே எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிட்டான். அவனுக்கும் இதேதான், பேனிக் அட்டாக், திடீரென்று வந்து ஆளை உலுக்கும் கடும் பயம்.

"ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நியாயமான வருத்தம்தான். நீ பட்டது எதுவும் கற்பனை இல்லை. ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் போதும், அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, வேர்க்கிறது, நமக்கே தெரியாமல் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். அதில் ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. விரல் மரத்ததும் தலை சுற்றியதும் பெரும்பாலும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தவிக்கிற அந்த நேரத்தில் தேவைக்கு மேலேயே இழுத்துக்கொண்டிருப்போம். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் தானாகவே இறங்கிவிடும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயந்திருந்தாய். மயக்கம் வருவது ரத்த அழுத்தம் இறங்கும்போது. இதில் அது பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். அதனால் விழுவது அரிது.

டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் இதை விளக்கி எழுதினார். உடம்பில் ஏற்படும் சாதாரண மாற்றத்தை மனசு பேராபத்து என்று எடுத்துக்கொள்கிறது, அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பைப் பார்த்துப் பயம் இன்னும் வலுக்கிறது. என் தம்பிக்குப் பாதித் தெம்பு வந்ததே இந்தச் சுற்றைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

ஆனால் என்னை உறுத்துவது அந்த அட்டாக் இல்லை. லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுவதாகவும், எங்கே போனாலும் கதவோரமாகவே உட்காருவதாகவும் எழுதியிருக்கிறாயே, அதுதான். தம்பி முதலில் பஸ்ஸை விட்டான், பிறகு சினிமாவை, பிறகு வரிசையில் நிற்பதை. கடைசியில் துணை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான் என்றாகிவிட்டது. துரத்துகிற நாய் மாதிரிதான் இந்தப் பயம், ஓட ஓட அதற்கு வேகம் கூடும். தயவுசெய்து லிஃப்டில் ஏறு. முதலில் ஒரு மாடி போதும்.

அடுத்த முறை வந்தால் இருந்த இடத்திலேயே இரு. பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனி. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக, மெதுவாக இருக்கட்டும். 'இது பேனிக், ஏறும், இறங்கும், வந்துவிட்டுப் போகட்டும்' என்று சொல்லிக்கொள். அதை அடக்கப் போராடாதே, போராட்டமே அதற்குத் தீனி. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தால் அது ஆபத்து. யாரோ கொடுக்கிற தூக்க மாத்திரையும் வேண்டாம், சில வகைகள் பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதை நம்பு. சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்குத்தான் தம்பி போனான். நாற்காலியில் சுற்றவிட்டார்கள், நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள். படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீயாக நிறுத்தக் கூடாது.

தைராய்டு, ரத்தசோகை, இதயத்துடிப்புக் கோளாறு இவையும் இப்படிக் காட்டும். அதையும் பார்க்கச் சொல். காப்பியைக் குறைத்துப் பார். ஒன்று மட்டும் மறக்காதே: உழைக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குறையாமல் நீடித்தாலோ, பேனிக்தான் என்று நீயே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடு.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்கிறாய். இன்றைக்கே சொல்லிவிடு. அந்த நேரத்தில் அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். மருத்துவரைப் பார்க்க நாள் குறித்ததும் எழுது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முந்தின நாளே நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்