பவர் பத்திரம் குறித்துக் கடலோர ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், பாம்பன், தங்கச்சிமடம் பங்குப் பேரவையினருக்கும், மீனவக் கிராமத் தலைவர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வளைகுடாவுக்குப் போகும் சபுராளிகளும், பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகும் தம்பிகளும், ஊரிலுள்ள சொத்தைப் பார்த்துக்கொள்ள யாருக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுப்பது என்று பெரும்பாலும் உங்களிடம்தான் யோசனை கேட்கிறார்கள். "மச்சான் பேருக்கே கொடுத்துவிடு, நம்பிக்கையான ஆள்" என்று ஆளைச் சொல்லிவிடுகிறீர்கள். எந்தக் காரியத்துக்கு, எது வரைக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை. பத்திரம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான் வேண்டுவது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே.

வீட்டு வரி கட்டவும், மின் இணைப்பைப் பெயர் மாற்றவும், பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். ஆனால் கணினியில் தயாராக இருக்கும் பொது அதிகார வாசகத்தில் "விற்கவும், அடமானம் வைக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்" என்ற வரியும், முகவர் (பவர் பெற்றவர்) செய்வதெல்லாம் நானே நேரில் செய்ததற்குச் சமம் என்ற வரியும் சேர்ந்தே வந்துவிடும் (எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும் இதில் பங்குண்டு). கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பனங்காடுகளெல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த ஒரு வரியின் விலை என்ன என்பது உங்களுக்கே தெரியும். குறிப்பிட்ட வேலைக்கு மட்டும், சர்வே எண்ணையும் காலக்கெடுவையும் எழுதித் தனி அதிகாரம் கொடுப்பதைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை.

ரத்து செய்வதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. "இனி எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று போனில் சொல்லிவிட்டால் பவர் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 208ஆம் பிரிவின்படி, ரத்து என்பது முகவருக்குத் தெரிந்த பிறகே அவரைக் கட்டுப்படுத்தும். சொத்தை வாங்குபவர் போன்ற மூன்றாம் நபரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகே செல்லும். ஆகவே, ரத்தானது தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவரிடமிருந்து நிலத்தை மீட்பது எளிதன்று. ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலிலும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும் என்பதால்தான், முகவர் மூலம் விற்கும்போது எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைப் பதிவு அலுவலகங்களில் கேட்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்தே பவர் எழுதி அனுப்புபவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுவதில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஊருக்கு வந்த தாளைத்தான் பீரோவில் வைத்து மறந்துவிடுகிறோம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுகலாம்.

வழக்கு நடத்தவும் பவர் கொடுக்கிறார்கள். முகவர் மனுவில் கையெழுத்திடலாம், வக்கீலை நியமிக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயத்தை, அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பயணத்துக்கு முன் துஆ ஓதவோ ஜெபத்துக்கோ உங்களிடம் வருபவரிடம், பவர் எழுதியிருக்கிறாயா, விற்கும் அதிகாரம் அதில் உண்டா, நகல் உன் மனைவியிடமோ தாயிடமோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சொத்து மனைவி பெயரில் இருந்து, பவர் மட்டும் அவருடைய அண்ணன் பெயரில் இருக்கும் வீடுகளில், கையெழுத்திட்ட அந்தப் பெண்ணுக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலையோ ஞாயிறு பூசைக்குப் பிறகோ என்னை அழையுங்கள், கட்டணமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரைப் பகுதிப் பத்திர எழுத்தர் ஒருவர்