பூங்காவுக்கு வராமல் போனவர்களையும் கேளுங்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், பூங்காப் பணிகளைக் கவனித்துவரும் பொறியியல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

அண்மையில் புதுப்பிக்கப்பட்ட பூங்காவை ‘மாதிரிப் பூங்கா’ என்று அறிவித்து, நகரின் மற்றப் பூங்காக்களையும் அதே வரைபடத்தின்படி மேம்படுத்தக் கடந்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். விவாதம் ஏதுமின்றி, ஒருமனதாக அது நிறைவேறியது என்று அறிந்தேன். இந்த மடலை எழுதக் காரணம் அதுதான். அந்தப் பூங்கா எப்படித் திட்டமிடப்பட்டது, எவ்வளவு காலம் தகரத் தடுப்புக்குள் கிடந்தது, எந்தெந்த வேலைகள் பாதியில் நின்றன என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை இங்கே மீண்டும் அடுக்கப் போவதில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பூங்காவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், அதன் வரைபடத்தை அந்தப் பூங்காவின் வாசலிலேயே வையுங்கள். அங்கே வருபவர்களையும், முன்பு வந்து இப்போது வராமல் போனவர்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாதிரிப் பூங்காவுக்கு முன்பே அப்படிக் கேட்டிருந்தால், அவர்கள் முதலில் கழிப்பறையைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

பூங்காவின் பின்மூலையில் புதிதாக ஒரு கழிப்பறை கட்டப்பட்டிருக்கிறது. திறப்பு விழா நாளில் அது திறந்திருந்தது. விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு அதன் கதவில் பூட்டுத் தொங்கத் தொடங்கியது, இன்றுவரை தொங்குகிறது. காற்றுப்போக்கிக்காக விட்ட இடைவெளி வழியே எட்டிப் பார்த்தால், முகம் கழுவும் தொட்டியில் ஒட்டியிருந்த விற்பனைச் சீட்டுக்கூட இன்னும் உரிக்கப்படாமல் இருப்பது தெரியும். தொட்டிக்குக் கீழே காலியான வண்ண டப்பாக்களும், விழாவுக்குக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லாத நாற்காலிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. சாவி அலுவலகத்தில் இருக்கிறது என்று காவலர் சொல்கிறார். கட்டடம் இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஒப்படைத்தாகிவிட்டது, தண்ணீர் இணைப்புத்தான் வரவேண்டும் என்று ஒப்பந்தக்காரர் தரப்பில் சொல்கிறார்கள். மூவரும் மரியாதையாகத்தான் பதில் சொல்கிறார்கள். கதவு மட்டும் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்காகக் காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர். தினமும் நடக்க வேண்டும் என்று அதே மருத்துவர்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே சிறுநீர் கழிக்க வேண்டிவரும். பழைய பூங்காவின் கழிப்பறை அழுக்காக இருந்தாலும் திறந்திருந்தது. அதை நம்பி அவர் மூன்று நான்கு சுற்று நடந்து, மரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வீடு திரும்புவார். பூட்டுத் தொங்கிய பிறகு என்ன செய்தார் தெரியுமா? நடைக்குக் கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அதன் பிறகும், “அரைச் சுற்றுக்கு மேல போக பயமா இருக்கு, வீடு தூரமா போயிடுதே” என்று வாசலுக்கு அருகிலேயே நடந்து திரும்பிக்கொண்டிருந்தார். அண்மைக் காலமாக அவர் பூங்காவுக்கு வருவதே இல்லை. வீட்டின் மாடிப்படியில் ஏறி இறங்கினால் போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

இது ஒருவருடைய சிரமம் என்று நினைத்துவிட வேண்டாம். கருவுற்ற பெண்கள், நீரிழிவு நோயாளிகள், மாதவிடாய் நாள்களில் இருக்கும் பெண்கள், சிறு குழந்தைகளை அழைத்து வருபவர்கள் ஆகிய எல்லோருக்கும் கழிப்பறை திறந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் பூங்காவில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. ஆண்கள் சுற்றுச்சுவரின் மறுபுறத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதனால் அந்தப் பக்கத்து நடைபாதையில் பெண்கள் நடப்பதில்லை. பூட்டிய ஒரு கதவினால் பூங்காவின் ஒரு பக்கமே பறிபோயிருக்கிறது. இந்த வரைபடத்தைத்தான் மற்றப் பூங்காக்களுக்கும் கொண்டுபோகப் போகிறோம் என்று நினைக்கும்போது, கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுவது எளிதாக இல்லை.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவைப் பற்றி உங்கள் பொறியாளர்கள் நிச்சயம் அறிந்திருப்பார்கள். 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகி, பொதுமக்கள் ஒதுங்கிப்போன பூங்கா. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் அதைக் கூர்ந்து கவனித்து, உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி உயர்ந்து நின்ற வேலிச்செடிகளையும், குறுகிய நுழைவுகளையும் மாற்றச் சொன்னார். ஒரு பொது இடம் நன்றாக இருக்கிறதா என்பதை அங்கு வரும் பெண்களின் விகிதமே காட்டிக்கொடுக்கும் என்பது அவருடைய கண்டறிதல்களில் ஒன்று. 1992இல் அந்தப் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, மக்கள் விருப்பம்போல் நிழலுக்கோ வெயிலுக்கோ நகர்த்திக்கொள்ளக்கூடிய சாதாரண நாற்காலிகளைப் போட்டார்கள். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கழிப்பறையையும் திறந்து, அதைச் சுத்தமாக வைத்திருப்பதற்கென்றே ஆட்களை அமர்த்தினார்கள். பெருநகரத்துச் செய்தி என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நாற்காலியும் திறந்த கழிப்பறையும் சிறு நகரத்துக்கு எட்டாத பொருள்கள் அல்ல. நம் மாதிரிப் பூங்காவிலோ இருக்கைகள் தரையோடு சேர்த்துச் சிமென்ட்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உச்சிவெயிலில் இருப்பதால் காலை பத்து மணிக்குப் பிறகு அவற்றில் கை வைக்கக்கூட முடிவதில்லை.

வராமல் போனவர்களைக் கேளுங்கள் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பூங்காவில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால், இல்லாதவர்கள் ஏன் இல்லை என்பது ஒருபோதும் தெரியவராது. வியன்னா நகரத்தில் 1990களின் நடுவில் நடந்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய ஒன்பது வயதைக் கடந்ததும் பெண்பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து மறையத் தொடங்குவதைக் கண்டறிந்தது. பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. நடுவில் ஒரே பெரிய விளையாட்டுத் திடல் இருந்தால் அதைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இடத்துக்காகச் சண்டை போடுவதைவிடப் பெண்பிள்ளைகள் விலகிப்போய்விடுகிறார்கள். 1999இல் அந்நகரம் இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொண்டு, திறந்த பரப்பைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளைச் சேர்த்து, இறகுப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் ஒதுக்கி மாற்றியமைத்தது. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் மாதிரிப் பூங்காவில் விளையாடும் பரப்பு முழுவதும் ஒரே திடலாக, ஒரே ஒரு வாசலோடு, உயரமான கம்பி வலைக்குள் இருக்கிறது. பள்ளி விட்ட மாலை வேளையில் அந்த வலைக்குள் எத்தனை பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஒருமுறையேனும் நேரில் வந்து பாருங்கள் என்று மன்ற உறுப்பினர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டியவற்றைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை. எஞ்சிய மரங்களின் அடிமரம்வரை பேவர் பிளாக் கற்களை நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். நீரையும் காற்றையும் எடுத்துக்கொள்ளும் நுண்வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கில், ஏறக்குறைய இரண்டு அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கின்றன. அந்த மண்ணை இடித்து இறுக்கி மேலே கல்லை மூடினால் மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும். அப்போது ‘பட்ட மரம், ஆபத்து’ என்று கோப்பில் எழுதி, எஞ்சியதையும் வெட்டுவார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சில அடி அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்தெடுத்து மண்ணைத் திறந்துவிடுவது பெரிய செலவில்லாத வேலை. மழைக்காலத்துக்கு முன் செய்தால் இந்த மரங்களைக் காப்பாற்றிவிடலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. இருசக்கர வாகனங்கள் நுழைவதைத் தடுக்க வாசலில் நட்டிருக்கும் குறுக்குக் கம்பிகள் சக்கர நாற்காலியையும் தடுக்கின்றன. பக்கத்திலுள்ள சாய்தளம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அடிப்படை அளவில் பாதிகூட இல்லை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, எளிதில் சென்றடையக்கூடிய பசுமையிடங்களை 2030க்குள் தருவோம் என்று 2015இல் உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்றுக்கொண்டன. அந்த உறுதிமொழி நம் பூங்காவின் வாசற்கம்பியில் வந்து நின்றுவிடுகிறது.

பூங்கா மேம்பாடு என்றால் கட்டுமானம் என்று மட்டுமே நம் நகரத்தில் பொருள்கொள்ளப்பட்டுவிட்டது என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. கட்டுவதற்கு மதிப்பீடு உண்டு, பணி ஆணை உண்டு, அளவுப் புத்தகம் உண்டு, திறப்பு விழாக் கல்வெட்டும் உண்டு. கட்டியதைப் பெருக்குவதற்கும் கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஒரு தலைப்பில்கூட நிதி இல்லை. நீரூற்று நின்றால் அது நின்றதுதான். ஊஞ்சலின் சங்கிலி அறுந்தால், மாற்றுச் சங்கிலி வருவதற்குப் பதிலாக ஊஞ்சலையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தைகள் விழும் இடத்தில் மணலோ ரப்பர் விரிப்போ இருக்க வேண்டும் என்பதை மறந்து, சறுக்குமரத்தின் கீழ்வரை சிமென்ட் போட்டிருக்கிறார்கள். பூங்காவே இல்லாத பகுதிகள் நகரில் இருக்க, இருக்கும் பூங்காவையே உடைத்து உடைத்துக் கட்டுகிறோம். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய ஐந்து நிமிட நடைக்குள், குறைந்தது அரை ஹெக்டேர் பசுமையிடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் முன்வைத்த வழிகாட்டல். நகரின் வரைபடத்தில் ஒவ்வொரு பூங்காவைச் சுற்றியும் அந்த அளவில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், எந்த வட்டத்துக்குள்ளும் வராத குடியிருப்புகள் எவை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரயில் பாதைக்கு அப்பால் இருப்பவர்களும் வரி கட்டுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் தெருவில்தான் விளையாடுகிறார்கள்.

பெரிய நிலம் இல்லை என்ற பதில் வரும் என்பதை அறிவேன். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 1947இல் ஒரு சிறு சதுக்கத்தில் குழந்தைகளுக்கான விளையாட்டிடம் ஒன்று அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் அப்போது நகராட்சியில் பணியாற்றிய ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர். மணல்தொட்டி, ஏறி விளையாடச் சில கம்பிகள், உட்காரச் சில இருக்கைகள், மரங்கள் ஆகியவற்றைத் தவிர அங்கே ஆடம்பரமாக எதுவும் இல்லை. அதைப் பார்த்த மற்றப் பகுதி மக்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின. மக்கள் எழுதிய கடிதங்களை ஒரு நகராட்சி அலுவலகம் படித்தது. படித்தபின் வந்து இடத்தைப் பார்த்தது. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்தருள வேண்டும். உங்களில் பலர் இந்த நகரத்தின் மீது உண்மையான அக்கறையோடு உழைப்பவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பூங்காவின் வரைபடத்தை, எளிய மக்களுக்கும் புரியும்படி பெரிதாக அச்சிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே அந்தப் பூங்காவின் வாசலில் வையுங்கள். காலையில் நடக்க வருபவர்களிடமும், மாலையில் குழந்தைகளோடு வருபவர்களிடமும், வருவதை நிறுத்திவிட்ட அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஒரு பொறியாளரும் ஒரு மன்ற உறுப்பினரும் நேரில் சென்று பேசட்டும். சொன்னவற்றில் எதை ஏற்றீர்கள், எதை எந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்பதை எழுதி அதே வாசலில் ஒட்டுங்கள். மதிப்பீட்டோடு சேர்த்து, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்புக்கும் துப்புரவுப் பணியாளர் ஊதியத்துக்கும் நிதி ஒதுக்கிய பிறகே பணி ஆணை வழங்குங்கள்.

இந்த வேண்டுகோளை அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து, மாதிரிப் பூங்காத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறைக்கு மட்டும் அந்தக் கூட்டம்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் இணைப்பைக் கொடுத்து, உள்ளே அடுக்கியிருப்பவற்றை அகற்றி, அதைத் திறந்து சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, அவருடைய பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் கதவில் எழுதிவைக்க இந்த வாரமே உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்நகரத்தில் வசிக்கும் ஒருவர்