மழைக்காலமும் ஊர் குரூப்பும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கப்போகிறது. மழையோடு சேர்ந்து வாட்ஸ்அப் குரூப்புகளும் பொங்கும். அதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

குரூப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேயிலை ஏற்றும் வண்டி எத்தனை மணிக்கு, தண்ணீர் எப்போது திறப்பார்கள், எந்த வளைவில் காட்டெருமை நிற்கிறது என்பதெல்லாம் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும், தொழிலாளர் வரிசை வீடுகளான எஸ்டேட் லைனுக்கும் உடனே தெரிவது அதனால்தான்.

முதலில் விடுமுறைச் செய்தி. நம் மாவட்டத்தில் 6 தாலுகாக்கள். கூடலூர், பந்தலூருக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை அறிவித்தால், பகிர்ந்து பகிர்ந்து தாலுகா பெயர் உதிர்ந்து, “நீலகிரியில் நாளை லீவு” என்று இங்கே வந்து சேரும். போன வருடத்து அறிவிப்பும் இப்படியே மறுபடி சுற்றும். செய்திக்குக் கீழே தெரியும் நேரம் அது உங்களுக்கு வந்த நேரம்தான். எழுதிய நாளோ படம் எடுத்த நாளோ அல்ல. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அறிவிப்பில் தேதி, தாலுகா இரண்டும் இல்லையென்றால் பள்ளி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி, சிறுத்தை வீடியோவும் இதே கதைதான். “ரோட்டில் கரடி, உஷார்” என்று போடுவதால் பயம்தான் மிச்சம். “மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், சோலை ஓரம், இன்று காலை 6.20, நானே பார்த்தேன்” என்று போட்டால் பிள்ளைகளை வேறு வழியில் அனுப்பலாம். இடம், நேரம், பார்த்தவர் பெயர் மூன்றும் இருக்கட்டும்.

பிள்ளை பிடிப்பவர்கள் என்று படத்தோடு வருவதை மட்டும் யாருக்கும் அனுப்பவே அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை இப்படிப்பட்ட வதந்தியை நம்பி ஊரே அடித்துக் கொன்றது. சந்தேகம் இருந்தால் போலீஸ் எண் 100 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

அடுத்தது, பள்ளிக்கு அதிகம் தலைவலி தருவது. பென்சிலுக்காகத் தள்ளிக்கொண்ட இரண்டு பிள்ளைகள் மாலையில் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள். இரவு 8 மணிக்கு ஒருவர், “யார் பிள்ளை என்று சொல்லவில்லை, வளர்ப்பு அப்படி” என்று குரூப்பில் வாய்ஸ் போடுகிறார். யாரென்று லைன் முழுக்கத் தெரியும். வாசலில் நின்று பேசினால் எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்த்து நாமே குரலைக் குறைப்போம். குரூப்பில் அறுபது பேர் பார்க்கும்போது யார் முதலில் இறங்கி வருவது? பிறகு நல்லது கெட்டதுக்குப் போவதும் நின்றுவிடுகிறது. இரண்டு நாளுக்குள் அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் வேறு குரூப்புக்குப் போயிருக்கும்.

ஆகவே திங்கள் முதல் வகுப்பு குரூப்களில் ஆசிரியர் மட்டுமே செய்தி போட முடியும். பிள்ளைகளைப் பற்றிய புகாரை டைரியில் எழுதுங்கள், அல்லது மாலை 4 முதல் 4.30 வரை நேரில் வாருங்கள். ஊர் குரூப்பை இப்படிப் பூட்ட வேண்டாம். கரடி வந்தால் அட்மினைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. பெருமழையில் கரண்ட் போனால் டவர் பேட்டரியும் அதிக நேரம் தாங்காது. 2009 நவம்பர் நிலச்சரிவில் நம் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டில் புது விரிசல், மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வருவது, கதவு இறுகுவது ஆகியவற்றைக் கண்டால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழையுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்குக் குரூப் செய்தி போகாது. அடுத்தடுத்த ஐந்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்று, எந்த வீட்டில் முதியவர், கைக்குழந்தை, படுக்கையில் இருப்பவர் என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள்.

இத்துடன் ஒரு சீட்டு இருக்கிறது. மழையால் நீங்கள் வர முடியாமல் போனால் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய அக்கம்பக்கத்தார் இருவரின் பெயரும் போன் நம்பரும் எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீட்டு செல்லாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்