டிஸ்சார்ஜ் ஆன பிறகு நாங்கள் எங்கே தங்குவது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனைகளின் டீன்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்காசி மாவட்டத்துக்காரி. புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, சில வருஷம் கழித்துச் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அதை மறுபடி அமைத்துக்கொண்டவள். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு எடுத்து மேலே வைத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக் குழாயோடு குழாயைத் தைக்கிற ஆபரேஷன். தனியாரில் லட்சக்கணக்கில் கேட்கிற வேலை. என்னிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. டாக்டர்கள் மேலும் வார்டு நர்ஸ்கள் மேலும் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வாரங்களை வெளியூர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாரங்களையும் சிகிச்சைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையை இலவசமாக அறிவித்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதைச் செய்தியாக்கின. அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் 'அழகு' என்று அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இன்னும் உரியவில்லை. மருத்துவமனையில் ரயில் சலுகைப் படிவத்தில் கையெழுத்துக்குப் போனபோது, "இது பிளாஸ்டிக் சர்ஜரிம்மா, கேன்சர் ட்ரீட்மெண்ட் இல்லையே" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அவருக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி என்பது ரயில்வேயின் விதி. புற்றுநோய்க்காக எடுத்ததைத் திரும்ப வைப்பது புற்றுநோய்ச் சிகிச்சை இல்லாமல் வேறென்ன? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2019-ல் இதைத் தெளிவாக்கிவிட்டது. தோற்றத்தை மாற்றும் அறுவைக்குப் பணம் கிடையாது என்கிற விலக்கிலிருந்து விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்கே அந்த விதி பொருந்தும்போது, அரசு மருத்துவமனையின் ஜன்னலுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவது பெரிய காரியமில்லை. அனுப்பிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய தயாரிப்புக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனை, சுகர், இதயத்துக்கு எக்கோ, வயிற்று ரத்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று பார்க்க சிடி ஆஞ்சியோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பொதிகை எக்ஸ்பிரஸ். சாயங்காலம் தென்காசியில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவிவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்பது. இவற்றில் முக்கால்வாசியைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலேயே எடுக்கலாம். சிடி ஆஞ்சியோவை மட்டும் அறுவை செய்கிறவர் தன் கண் முன்னால் எடுக்கச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எக்கோவுக்கும், சுகரின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனைக்கும் அறுநூறு கிலோமீட்டரா?

இன்னொன்று, என்ன செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதை எழுதித் தருவதில்லை. என் பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்காவை முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமலிருக்கக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை ரத்தம் உறைகிற வாய்ப்பைக் கூட்டும், அதனால் மைக்ராஸ்கோப் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள், கூட்டத்தில், ஆங்கிலப் பெயரில், ஒரே ஒரு தடவை. அவர் நிறுத்தியது பிரஷர் மாத்திரையை. புகையிலை கதையும் இதே மாதிரிதான். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். நிக்கோடின் எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும். மாற்றி வைத்த சதை பிழைப்பதே அந்தக் குழாயை நம்பித்தான். தமிழில் ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில். அவ்வளவு போதும்.

அப்புறம் ரத்தம். கொடுத்த ரத்தத்துக்கு ஈடாக ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். மெட்ராஸில் எனக்கு யாரைத் தெரியும்? என் மதினி வார்டு வராந்தாவில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். கடைசியில் கொடுத்தது திருவண்ணாமலைக்காரர் ஒருவரின் மகன். வெளியூர் நோயாளிக்காக அவர் ஊரிலேயே உள்ள அரசு ரத்த வங்கியில் உறவினர் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளும் வழியைத் துறை செய்து தரலாம்.

தேதி தள்ளிப்போவதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டருக்குத்தான் தீக்காயமும் வரும், மெஷினில் மாட்டிய கையும் வரும். அவர்கள் முன்னால் போகட்டும், அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் காத்திருந்து, மத்தியானம் "இன்னிக்கு இல்லம்மா" என்று கேட்டால், தாம்பரத்துக்காரருக்கு அது ஒரு பஸ் டிக்கெட். எங்களுக்கோ கூட வந்தவரின் லீவு, அறை வாடகை, ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லாமே குலையும். தள்ளிவைக்கும்போது வெளியூர்க்காரரை வார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டியலில் முதல் பெயராகப் போடுங்கள்.

வார்டில் இருந்த நாட்களில் குறையே இல்லை. முதல் நாள் ராத்திரி மணிக்கொரு தடவை வந்து, வைத்த சதையைத் தொட்டுப் பார்த்து, நிறம் பார்த்து, டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டச் சத்தம் கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே ரத்தம் உறைந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குப் போயாக வேண்டும். அதற்காக அந்தச் சின்னப் பெண், பயிற்சி டாக்டர், தூங்காத கண்ணோடு வந்து வந்து பார்த்தது எனக்கு மறக்காது.

பிறகு டிஸ்சார்ஜ். படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறார்கள், காயத்து நீரை வடிக்கிற ட்ரெயின் டியூபோடு போகலாம், வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து காட்டுங்கள் என்றார்கள். மருத்துவப்படி தப்பில்லை. பல நாடுகளிலும் ட்ரெயினோடு வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தான். ஆனால் எந்த வீட்டுக்கு? என் வீடு போக ஒரு ராத்திரிப் பயணம்.

ட்ரெயின் என்றால் தெரியாதவர்களுக்காக: காயத்துக்குள்ளிருந்து வெளியே வரும் மெல்லிய குழாய், அதன் நுனியில் அமுக்கி மூடினால் உறிஞ்சிக்கொள்ளும் பிளாஸ்டிக் பல்ப். மார்புப் பக்கம் ஒன்று, வயிற்றில் இரண்டு. காலையிலும் ராத்திரியும் ஒவ்வொன்றாகத் திறந்து அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, மில்லியை எழுதி, பல்பைக் காற்றில்லாமல் நசுக்கி, நசுக்கியபடியே மூடியைப் போட வேண்டும். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு நீர்த்த மோர்க்குழம்பு நிறம். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள். அதுவரை மூன்று பல்பையும் எங்கே வைப்பது? முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியின் உள்பக்கம் மதினி மூன்று பாக்கெட் தைத்தாள். குளிக்கும்போது பாவாடை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்களுக்கு முன்னால் ஆபரேஷன் ஆன ஒரு பெண்.

லாட்ஜுக்குப் போனோம். முதல் இடத்தில் குழாயைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அறை கிடைத்தது, மாடியில், இந்தியன் டாய்லெட்டோடு. அடிவயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை தையல் போட்டவள் குத்தவைத்து உட்கார முடியுமா? நிமிர்ந்தே நடக்க முடியாது. கூனிக்கொண்டுதான் முதல் நாட்கள் போகும். படுத்தாலும் முழங்காலுக்குக் கீழே தலையணை வேண்டும், முதுகைச் சாய்வாக வைக்க வேண்டும். மதினி போய் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்தாள். அந்த நாற்காலி இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் புரதம் அதிகம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார், முட்டை, பருப்பு, மீன் என்று. நாங்கள் சாப்பிட்டது அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும். அந்த உணவகத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் காயம் ஆறுகிற உடம்புக்கு அது போதாது.

வாடகை, ஆட்டோ, சாப்பாடு, மதினி இழந்த கூலி எல்லாம் சேர்த்தால், இலவச ஆபரேஷனுக்காக நகை அடகு வைத்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே ஒரு கட்டிலுக்கு அதில் இடமில்லை.

நான் கேட்பது மாளிகை இல்லை. சீரமைப்பு செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையின் பக்கத்திலும் ட்ரெயின் எடுக்கும்வரை பெண்கள் தங்க ஒரு தளம். தரைத்தளமாக இருக்கட்டும். வெஸ்டர்ன் டாய்லெட், சாய்ந்து படுக்கிற கட்டில், கூட வந்தவர் சமைக்க ஓர் அடுப்பு, ஒரு நர்ஸ் தினம் ஒருமுறை வந்து பார்ப்பது. வார்டில் ஒரு படுக்கைக்கு ஆகிற அளவு செலவு ஆகாது என்று நினைக்கிறேன். படுக்கையும் சீக்கிரம் காலியாகும்.

ஊருக்குத் திரும்பின பிறகு இன்னொரு கஷ்டம். வயிற்றுத் தையலில் ஓர் இடம் லேசாக விட்டு, நீர் கசிந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினேன். "ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போயிடுங்க" என்றார்கள். கையை வைக்கப் பயம். அவர்கள் கையில் இருந்தது ஆங்கிலத்தில் நாலு சுருக்கெழுத்து உள்ள டிஸ்சார்ஜ் சீட்டு. அதை வைத்து யார்தான் துணிவார்கள்? கடைசியில் அது டிரெஸ்ஸிங்கிலேயே ஆறுகிற காயம் என்று தெரிந்துகொள்ள மறுபடியும் எழும்பூர்.

இதற்கு வழி ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கு மாதாமாதம் வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையானவர்களை நர்ஸ் வந்து பார்க்கிறார், பிசியோதெரபி செய்பவரும் வருகிறார். அந்தப் பட்டியலில் எங்களையும் சேருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எங்கள் வட்டார நர்ஸுக்குத் தகவல் போகட்டும். தோளுக்கு மேல் கையைத் தூக்கும் பயிற்சியை எப்போது தொடங்குவது, எத்தனை வாரம் குடத்தைத் தூக்கக் கூடாது, அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். காயத்தைப் படம் எடுத்து அறுவை செய்த பிரிவுக்கு அனுப்ப ஒரு எண் இருக்கட்டும். காய்ச்சல், திடீர் வீக்கம், சிவப்பு, நிறம் கறுப்பது என்றால் உடனே வா, மற்றதற்கு இப்படிச் செய் என்று அந்த எண்ணில் யாராவது பதில் சொன்னால் பாதி ரயில் பயணம் மிச்சம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். காம்பு அமைப்பது, அதற்கு நிறம் பச்சை குத்துவது, மறு பக்கத்தைச் சமப்படுத்துவது என்று சில மாதம் கழித்தும் வேலை இருக்கிறது. பல பேர் அதற்கு வருவதில்லை. இனி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு, அது அவர்கள் இஷ்டம். பயணத்துக்குப் பயந்து விட்டவர்கள்தான் அதிகம் என்று நான் வரிசையில் பேசிய பெண்களை வைத்துச் சொல்கிறேன். மறுபரிசோதனையையும் இதையும் ஒரே நாளில் வையுங்கள், தெற்கு மாவட்டங்களுக்கு என்று மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சுரண்டையிலிருந்து ஒருவருக்குத் தை மாதத்துக்குப் பிறகு தேதி கொடுத்திருக்கிறார்கள். நைட்டிக்குப் பாக்கெட் தைப்பதை நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன், ஓட்டை நாற்காலியையும் கொடுத்துவிடுவேன். தங்குமிடத்துக்கும் போன் எண்ணுக்கும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு பயனாளி