ட்ராவிஸும் ஆறு ஜோடி சாக்ஸும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தால் மறுபடி பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று ஆட வருமா என்று போனில் கேட்டாயே, "அதெல்லாம் வரும்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்து ஷார்ட்ஸ்டாப் சிசில் ட்ராவிஸ் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

நீ சின்னப் பையனாகக் கராஜ் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்த காலத்தில் படித்த கதை இது. நம் அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேல் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். 1933இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஐந்து ஹிட், அதாவது ஐந்து முறை பந்தை அடித்துவிட்டு பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். 1941இல் சராசரி .359, அதாவது ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 359 ஹிட் என்ற கணக்கு. டெட் வில்லியம்ஸ் .406 அடித்ததும், டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்ததும் அதே வருஷம்தான். ஆனால் அந்த சீசனில் அதிக ஹிட் ட்ராவிஸுக்கு, 218. இது எத்தனை பேருக்குத் தெரியும், சொல்!

அப்புறம் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது, அமெரிக்கா போரில் இறங்கியது. 28 வயதில், கை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ராணுவத்துக்குப் போனார். 76ஆவது காலாட்படைப் பிரிவோடு ஐரோப்பாவில் இருந்தபோது குளிரில் கால் உறைந்து மருத்துவமனையில் கிடந்தார். 1945 செப்டம்பரில் திரும்பி வந்து ஆடியது 15 ஆட்டம், சராசரி .241. அடுத்த வருஷம் .252, அதற்கடுத்து .216. அவ்வளவுதான், ஆட்டத்தை விட்டுவிட்டார். 1947இல் அவருக்கென்று ஒரு நாள் ஒதுக்கிப் பாராட்டினார்கள், தளபதி ஐசனோவரே வந்திருந்தார். பரிசுகளில் ஒரு காளை மாடும் உண்டு. பண்ணைக்காரருக்கு அதுதானே சரி!

காலால்தான் போச்சு என்று ஊரே சொன்னது. அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தை அடிக்கும் அந்த நேரக்கணக்கு, அத்தனை வருஷம் ஆடாததில் தப்பிப்போய்விட்டது என்றார். எனக்கென்னவோ அவர் சொன்னதுதான் சரியென்று படுகிறது. அதனால்தான் கேட்கிறேன், அங்கே வார இறுதியில் ஆட ஆள் கிடைக்குமா? யாருமில்லையென்றால் சுவர் இருக்கும்.

கம்பளி சாக்ஸ் ஆறு ஜோடி பார்சலில் போட்டிருக்கிறேன். நனைந்தால் உடனே மாற்று. சிரிக்காதே.

அன்புடன்,
அம்மா